தலைக்கட்டு வரி

ஜனவரி 21, 2025

மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்று ஒப்பீட்டு அரசமைப்புத் தாளைத் தொடங்கினேன். இங்கிலாந்தும் இந்தியாவும். பல வருடமாக இதே இரண்டு நாடுகள், அரூரில் இதே கல்லூரி, இதே கௌரவ விரிவுரையாளர். அந்த ‘கௌரவ’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தவர் யாரோ, நல்ல வேடிக்கைக்காரர்.

இங்கிலாந்தில் அரசமைப்பு என்று ஒரு புத்தகம் கிடையாது. எண்ணூறு வருடமாக அரசனும் பிரபுக்களும் மக்களும் இழுபறி செய்தார்கள். ஒவ்வொரு இழுபறியிலும் ஒரு வழக்கம் மிஞ்சியது. இன்று அந்த வழக்கங்கள்தான் ஆள்கின்றன. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு அரசர் ஒப்புதல் தர மறுக்கக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் முந்நூறு வருடமாக எவரும் மறுத்ததில்லை. நாமோ ஏறத்தாழ மூன்று வருடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வைத்தோம்.

இளம்பரிதி வழக்கம்போல முதல் கேள்வி கேட்டான். “எழுதாத சட்டத்த மீறுனா யாருங்க மேடம் தண்டன குடுப்பாங்க?” நல்ல கேள்வி. நீதிமன்றம் தண்டிக்காது, மக்கள் கருத்துதான் காவல் என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

குடியரசு நாள் கிராம சபைக்கு இந்த முறை பிள்ளைகளை அழைத்துப்போகப் போகிறேன். எங்கள் ஊர் சபைக்கே. சாயங்காலம் தர்மனிடம் சொன்னேன். என் கணவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. “சபையில டீயும் வடையும் உண்டு. அதுக்காவது பசங்க வரட்டும்” என்றார்.

ஜனவரி 26

பள்ளிக்கூட மைதானத்தில் சபை நடந்தது. பஞ்சாயத்துத் தலைவரின் பதவிக்காலம் இந்த மாதத் தொடக்கத்தில் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் வரும்வரை தனி அலுவலர்தான். வந்தவர் இளைஞர், ஊருக்குப் புதியவர். என் பிள்ளைகள் ஊர்க்காரர்களைவிட அதிகமாக இருந்தார்கள். பிரியதர்ஷினி சித்தேரி மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

வரவு செலவு வாசித்தார்கள். வீட்டு வரி, குடிநீர், தெருவிளக்கு. “யாராச்சும் கேள்வி கேக்கணும்னா கேக்கலாங்க” என்று சொல்லிக்கொண்டே பஞ்சாயத்துச் செயலர் நாற்காலியை மடக்கினார். பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். கேள்வி கேட்பது எப்படி என்று காட்டத்தானே கூட்டி வந்தேன்? எழுந்தேன். “ஏரிக்கரைப் புளியமர ஏலத் தொகை வரவில் காணோமே” என்றேன்.

எனக்குத் தெரியாததா அது? ஏரிக்கரைப் புளியை ஊர்க்கூட்டம் ஏலம் விடும். பணம் மாரியம்மன் திருவிழாவுக்குப் போகும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பாடப் புத்தகத்தில் பஞ்சாயத்து வருவாய் என்ற பகுதியில் மர ஏலம் வரும். அது வாய்க்கு வந்தது, கேட்டுவிட்டேன்.

“அது ஊரு விசயங்க மேடம்” என்றார் செயலர். புது அலுவலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மரம் அரசு நிலத்துல தான இருக்கு? கேள்வி சரிங்க. தீர்மானமா எழுதுங்க.” இனி ஏரிக்கரை மரங்களைப் பஞ்சாயத்தே ஏலம் விடும் என்று எழுதிவிட்டார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பெருமையாக இருந்தது. நமக்கு நாமே எழுதிக்கொள்வதில் என்ன கூச்சம், ரொம்பவே பெருமையாக இருந்தது. இங்கிலாந்தில் நூறு நூறு வருடமாக நடந்தது இங்கே ஒரே கேள்வியில் நடந்ததைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் வேறு சொன்னேன்.

ஜனவரி 27

காலையில் டீக்கடையில் தர்மனோடு யாரும் பேசவில்லையாம். “எல்லாரும் பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தாங்க” என்றார். எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பர் வாங்குவதே இல்லை.

ஜனவரி 31

கோல்காரர் வந்தார். ஊர்க்கூட்டத்துக்கு ஆள் அழைப்பது அவர் வேலை. வாசலில் நின்றபடியே, “தர்மா, ஞாயித்துக்கெழம கோயில் முன்னால கூட்டம். வந்துரு” என்றார். உள்ளே வந்து தண்ணீர் குடிக்கிற மனுஷர்தான். இன்று குடிக்கவில்லை.

கேள்வி கேட்டவள் நான். என்னைக் கூப்பிடவில்லையா என்றேன். அவர் தர்மனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். “பொம்பளைங்க கூட்டத்துக்கு வர்ற வழக்கம் இல்லயே.”

மாமா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. மாமனார் பச்சியப்பன் என்றால் அந்தக் கூட்டத்தில் ஒரு காலத்தில் கடைசிச் சொல் அவருடையதுதான். முழங்கால் வலியால்தான் போவதை நிறுத்தினார். இன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடி சொன்னார். “ஊரு விசயத்த ஊருல பேசணும் பாப்பா. கவுருமெண்டு நோட்டுல ஏத்தக் கூடாது.”

பிப்ரவரி 2

தர்மன் திரும்பி வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார்.

ஊர்க்கவுண்டர் ராஜாதான் பேசியிருக்கிறான். அப்பா போன பிறகு ஊர்க்கூட்டத்தை நடத்தும் அந்தப் பொறுப்பு அவனுக்கு வந்தது. ஜேசிபி வைத்து ஓட்டுகிறான், தர்மனைவிடச் சின்னவன், அண்ணா என்றுதான் கூப்பிடுவான். “அண்ணா, அண்ணி தெரியாம கேட்டுட்டாங்க. ஊரு முன்னால விழுந்து கும்புட்டுட்டு அபராதத்த கட்டிருங்க. அந்த ஆபீசர்கிட்ட சொல்லி எழுதுனத அடிச்சிரச் சொல்லுங்க. இதோட விட்றலாம்.”

தர்மன் என்ன சொன்னார் தெரியுமா? “அவ கேட்டதுல எது பொய்யுன்னு சொல்லுங்க, விழறேன்.”

பொய் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் என்ன? வீட்டை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். எங்களோடு பேச்சு வார்த்தை இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை, நல்லது கெட்டதுக்கு வரவு போக்கு இல்லை.

இத்தனை வருடக் குடித்தனத்தில் என் கணவரை இன்று நேசித்ததுபோல என்றும் நேசித்ததில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 6

வகுப்பில் வரிக்கு வந்துவிட்டோம். இங்கிலாந்தில் எல்லாமே வரியில்தான் தொடங்கியது. ஜான் என்ற அரசன் போருக்குப் பணம் கேட்டான். எங்களைக் கலக்காமல் கேட்கக் கூடாது என்று பிரபுக்கள் மடக்கினார்கள். 1215. பிறகு சார்லஸ் என்று ஒருவன் வந்தான். நாடாளுமன்றமே வேண்டாம் என்று பதினோரு வருடம் ஓட்டினான். ஸ்காட்லாந்துக்காரர்களோடு சண்டை வந்து கஜானா காலியானதும் அதே நாடாளுமன்றத்தைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிட்டது வரிக்கு, கடைசியில் அவன் தலையே போயிற்று. இந்த இடத்தில் பிள்ளைகள் எப்போதும் சிரிப்பார்கள், இன்றும் சிரித்தார்கள்.

நம் கதை வேறு. நாம் வரி கொடுத்துக்கொண்டே இருந்தோம், யாரும் நம்மைக் கலந்ததில்லை. 1909, 1919, 1935 என்று வெள்ளைக்காரர்கள் சங்கில் மருந்து புகட்டுவதுபோல உரிமையைப் புகட்டினார்கள். பிறகு நாமே எழுதினோம். ஒரே வீச்சில் எல்லாருக்கும் ஓட்டு. அங்கே பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான ஓட்டு வர 1928 ஆனது. இங்கே முதல் பொதுத் தேர்தலிலேயே வந்துவிட்டது.

இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் என் குரல் கொஞ்சம் உயரும். இன்று உயரவில்லை.

பிப்ரவரி 12

‘நம்ம ஊர்’ வாட்ஸ்அப் குழுவிலிருந்து தர்மனை எடுத்துவிட்டார்கள். நான் அந்தக் குழுவில் என்றுமே இருந்ததில்லை. ஆண்கள் குழு.

மஞ்சள் தோண்டும் பருவம். ஆள் வரவில்லை. நஞ்சம்மாள்தான் எப்போதும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். தீர்த்தமலை ரோட்டில் அவளை நிறுத்திக் கேட்டேன். நான்கு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தாள். “உன் மேல எனக்கு என்ன பாப்பா கோவம். எனக்கும் ஊரு வேணுமே. நாளைக்கு எம்பொணம் கெடந்தா நீயா தூக்குவ?”

தூக்குவேன் என்று சொல்ல வாய் வந்தது. ஒருத்தியாக எப்படித் தூக்குவது?

பிப்ரவரி 24

கலெக்டர் ஆபீசில் மனு போட்டேன். ஊரை விட்டு ஒதுக்குவது குற்றம், சட்டம் தெளிவாக இருக்கிறது, பிரிவு எண்ணோடு எழுதினேன். ரசீது கொடுத்தார்கள்.

மார்ச் 4

மேலே கொடுத்த மனு படிப்படியாகக் கீழே இறங்கி இன்று விசாரணைக்கு வந்தது. விசாரிக்க வந்த அதிகாரி ஜீப்பை நிறுத்தியது ராஜா வீட்டு வாசலில். அங்கே இளநீர் குடித்துவிட்டுப் போகிற வழியில் எங்கள் வீட்டில் எட்டிப் பார்த்தார். “ஊருல யாரும் அப்படி ஒண்ணும் செய்யலைன்னு சொல்றாங்களேம்மா. பேசலைங்கறது ஒரு குத்தமா? பேசச் சொல்லி நான் ஆர்டர் போட முடியுமா?”

முடியாதுதான். எந்தச் சட்டத்தால் முடியும்? ‘குற்றம்’ என்று எழுதிவைக்க முடியும். பக்கத்து வீட்டுக்காரி சிரிக்க வேண்டும் என்று எழுதி வைக்க முடியாது. மக்கள் கருத்துதான் காவல் என்று எத்தனை வருடமாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் காவல் என் வாசலில் வந்து நிற்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு வருடமாவது யோசித்தேனா?

மார்ச் 9

ஞாயிறு. நானும் தர்மனும் மட்டும் மஞ்சள் தோண்டினோம். அவர் கொத்துவார், நான் மண் உதறிப் பொறுக்குவேன். வெயில் ஏறுமுன் ஒரு பாத்திகூட முடியவில்லை. மாமா வரப்பில் குடையை ஊன்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமாகப் போன இரண்டு பேர் அவரைக் கண்டதும் தோளில் இருந்த துண்டை எடுக்கப் போய், நினைவு வந்து, அப்படியே போட்டுக்கொண்டு போனார்கள். மாமா அதைப் பார்த்தார்.

மகள் அன்பரசி ஹாஸ்டலிலிருந்து பேசினாள். சேலத்தில் நர்சிங் இரண்டாம் வருடம். திருவிழாவுக்கு எப்போது வரட்டும் என்கிறாள். பரீட்சைக்குப் படி, இந்த வருடம் வர வேண்டாம் என்றேன். ஏம்மா என்றாள். வெயில் என்றேன்.

மார்ச் 12

பஞ்சாயத்து அலுவலகத்தில் புளியமர ஏலம். அறிவிப்பு ஒட்டி, முறைப்படி எல்லாம் செய்திருந்தார்கள். கேட்க ஒரு ஆள் வரவில்லை. எந்தத் துணிச்சல்காரன் ஊரை எதிர்த்துக்கொண்டு அந்த மரத்தில் ஏறுவான்?

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். ஏரிக்கரை முழுக்கப் புளி உதிர்ந்து கிடக்கிறது, ஆடு மாடு மிதிக்கிறது. அம்மனுக்கும் இல்லை, அரசுக்கும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் ஏட்டில் ஏற்றிய புளி ரசத்துக்கும் உதவவில்லை.

மார்ச் 19

இன்று வரி.

திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்க ஊர்க்காரர்கள் மேளத்தோடு தெருத் தெருவாக வருவார்கள். வீட்டு முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கொடுத்ததும் விபூதி தருவார்கள். மாமா விடியும்போதே குளித்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. துண்டு முனையில் பணத்தை முடிந்து வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே வந்து படுங்கள் மாமா என்றேன். காதில் வாங்கவில்லை.

மேளம் தெரு முனையில் திரும்பியது. எதிர் வீட்டில் நின்றது. பக்கத்து வீட்டில் நின்றது. எங்கள் வாசல் வந்ததும் மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுத் தலை குனிந்து நடந்தார். அடுத்த வீட்டில் மறுபடி தொடங்கினார். மாமா எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தார்.

வரி கேட்டதால் அங்கே நாடாளுமன்றம் பிறந்தது. வரி கேட்காமலே ஒரு மனிதனைக் கொல்லலாம் என்று எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

இன்னொன்றும் இன்றுதான் மண்டையில் ஏறியது. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். ஒரு ஆண், ஒரு வரி, கூட்டத்தில் ஒரு வாய். பெண் கணக்கிலேயே இல்லை. என்னால் வந்த வினைக்கு ஒதுக்கப்பட்டவர்கள் தர்மனும் மாமாவும். என்னை யாரும் ஒதுக்கவில்லை, ஒதுக்கவும் முடியாது. நான் உள்ளேயே இருந்ததில்லை. இந்த ஊர் சாலையில் பஸ் ஏறி இறங்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். சம்பளம் வாங்குகிறேன், ஓட்டுப் போடுகிறேன், அரசமைப்பு சொல்லிக் கொடுக்கிறேன் – த்தூ.

மார்ச் 22

சண்டை. இத்தனை நாள் வராதது இன்று வந்துவிட்டது.

மஞ்சளை வேக வைக்க மிஷின்காரன் வர மாட்டேன் என்றுவிட்டான். பக்கத்து ஊர்க்காரன், அவனையும் செய்தி எட்டிவிட்டது. நான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வேறு தாலுகாவில் கேளுங்களேன் என்றேன். தர்மன் மண்வெட்டியைக் கீழே போட்டார். “நீ பஸ் ஏறிப் போயிடற. அங்க மேடம் மேடம்னு நாலு பேரு பேசுறாங்க. சாயங்காலம் வந்து எறங்கற. பகலெல்லாம் இந்த ஊருல கெடக்கறவன் நானு. ஒருத்தன் பேசல. கெணத்து மேட்டுல ஒக்காந்து மோட்டாரோட பேசிட்டு இருக்கேன்.”

நெசந்தான். அப்படின்னா போய் விழுந்துடுங்கன்னு நானே சொன்னேன். அவரு என்னப் பாத்த பார்வை – நான் விழச் சொன்னது அவர ஊரு விழச் சொன்னதவிடக் கேவலமாப் பட்டிருக்கும் போல. “மாட்டேன்” அப்படின்னாரு. அவ்ளோதான். சோத்தத் தொடல. நானும் தொடல.

யாருக்காக இந்த வீம்பு? எனக்காகவா, புளிக்காகவா, அந்த எழவு நோட்டுக்காகவா?

மார்ச் 26

நானே விழுவது என்று முடிவு செய்தேன். இரண்டு நாளாக யோசித்து எடுத்த முடிவு. கேட்டது நான், விழ வேண்டியதும் நான். வெட்கம் என்னோடு போகட்டும்.

கல்லூரியிலிருந்து வரும் வழியில் ராஜா வீட்டு வாசலில் நின்றேன். அவன் எழுந்து நின்றான், மரியாதைக்குக் குறைவில்லை. சொன்னேன். அவன் முகத்தில் உண்மையிலேயே வருத்தம் தெரிந்தது.

“பொம்பளைங்க விழுந்தா செல்லாதுங்க அண்ணி. தலைக்கட்டுதான் விழணும். நானா வெச்சது? அப்பா காலத்துக்கு முன்னாடி இருந்து வர்ற வழக்கம். அத மாத்த எனக்கு உரிமை இல்லீங்க.”

என் தோல்விகூடச் செல்லாது. இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 28

வகுப்பு எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

ஏப்ரல் 1

இன்றே எழுதிவிடுகிறேன்.

பங்குனித் திருவிழாவுக்கு இன்று காப்புக் கட்டு. கோயில் முன்னால்தான் பஸ் நிற்கும். இறங்கும்போது கூட்டம் நிறைந்திருந்தது. கூட்டத்துக்கு நடுவில் தரையில் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மாமா.

குப்புறப் படுத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பி நீட்டியிருந்தார். தலைப்பாகைத் துண்டு பக்கத்தில் கிடந்தது. தர்மனிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லவில்லை. முழங்கால் மடங்காதவர், எப்படித்தான் தரையில் இறங்கினாரோ. அவர் பெயர் இன்னும் தலைக்கட்டுக் கணக்கில் இருக்கிறது, அதனால் செல்லும்.

அவர் முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் அவர் மடியில் ஏறி விளையாடியவர்கள். ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான். “எந்திரிங்க பெரியப்பா, போதும் எந்திரிங்க” என்றான். மாமா எழவில்லை. கோல்காரர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும்வரை எழக் கூடாது என்பது முறை. அந்த முறையை அவரைவிட நன்றாக அறிந்தவர் அங்கே யாரும் இல்லை. கோல்காரர் கேட்டார்: “ஊருக்குக் கட்டுப்படறயா?” மண்ணுக்குள் இருந்து வந்ததுபோல ஒரு சத்தம் வந்தது. “கட்டுப்படறேன் சாமி.”

எழ முடியவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். வேட்டியில் முழங்கால் இருந்த இடத்தில் ரத்தம்.

நான் ரோட்டோரத்திலேயே நின்றேன், பையைப் பிடித்துக்கொண்டு. ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை? பெண்கள் கூட்டத்துக்குள் போகும் வழக்கம் இல்லை. சத்தியமாக அதுதான் அப்போது மனதில் ஓடியது.

ஏப்ரல் 2

அபராதத்தோடு வரியும் வாங்கிக்கொண்டார்கள். மேளம் எங்கள் வாசலிலும் நின்று அடித்தது. மாமா நெற்றி நிறைய விபூதியோடு இரண்டு உருண்டை களி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தர்மன் பகல் முழுக்க வயலிலிருந்து வரவில்லை.

ஏப்ரல் 8

திருவிழா. எல்லாரும் பேசுகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. ஒன்றுமே நடக்காததுபோல மாவிளக்குத் தட்டோடு வந்து, உப்பு இருக்கா, வெல்லம் இருக்கா என்கிறார்கள். நஞ்சம்மாள் சிரித்துக்கொண்டே வந்தாள், அடுத்த வாரம் களையெடுக்க ஆள் கூட்டி வருகிறாளாம். யார் மேலும் யாருக்கும் பகை இல்லை. பகை இருந்தால்கூடத் தேவலை.

மாமாவுக்குக் கோயிலில் மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சாமி படத்துக்கு மாட்டச் சொன்னார். “ஊருன்னா இப்பிடித்தான் பாப்பா. அடிக்கும், அணைக்கும்.” இப்படிச் சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று. அவர் சந்தோஷம் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது, அடுப்படிக்குப் போய்விட்டேன்.

தர்மனும் டீக்கடைக்குப் போகிறார். என்னோடு பேசுகிறார், சாப்பாடு, மருந்து, மின்கட்டணம் பற்றியெல்லாம்.

ஏப்ரல் 11

தாளை முடித்துவிட்டேன். கடைசி வகுப்பில் பிரியதர்ஷினி கேட்டாள்: “எழுதுனது நல்லதா மேடம், எழுதாதது நல்லதா?” வருடம் முழுக்க வாய் திறக்காத பெண். எழுதப்பட்டதன் நன்மைகள், எழுதப்படாததன் நன்மைகள் என்று இரண்டு பத்தியாகச் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டாள். பரீட்சைக்கு அது போதும். அவள் கேட்டது பரீட்சைக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஜனவரியில் கை தட்டியவர்களில் அவளும் ஒருத்தி. ஏரிக்கரைப் புளி என்ன ஆனது மேடம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று மணி அடிக்கும்வரை பயந்துகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 24

தேசியப் பஞ்சாயத்து ராஜ் நாள். ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டார்கள். ‘கிராம சபையே மக்களின் நாடாளுமன்றம்’ என்று பேசிய பெண்ணுக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மே 1

கல்லூரி விடுமுறை. பள்ளிக்கூடத்தில் கிராம சபை, ஒலிபெருக்கிச் சத்தம் வீடுவரை கேட்டது. நான் போகவில்லை. தர்மனும் போகவில்லை, மஞ்சளை வெயிலில் கிளறிக்கொண்டிருந்தார்.

மதியம் செயலர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார். ஆள் பற்றாத சபைக்கு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவது எப்போதும் உள்ளதுதான். “கோரம் பத்தலைங்க மேடம். ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா போதும்.”

தீர்மானப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். ஜனவரி 26 சபையில் ஏரிக்கரை மரங்கள் குறித்துத் தவறுதலாகப் பதிவான தீர்மானம் ரத்து செய்யப்படுகிறது. அந்தப் புது அலுவலர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டாராம். கீழே வரிசையாகக் கையெழுத்துகள், கைநாட்டுகள்.

“அன்னைக்குக் கேட்டது நீங்கதானுங்களே. இதுலயும் நீங்க போட்டா நல்லாருக்கும்னு ராஜா சொன்னாருங்க” என்றார்.

மாமா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் புண் இன்னும் ஆறவில்லை, பொருக்குத் தட்டி ஓரத்தில் சிவந்திருக்கிறது. அவர் என்னைப் பார்க்கவில்லை, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்தது. நான் மாட்டேன் என்றால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மறுபடி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பேனாவை வாங்கினேன். “பேருக்குக் கீழ பேராசிரியர்னு போடுங்க மேடம், தீர்மானத்துக்கே ஒரு மதிப்பா இருக்கும்” என்றார் செயலர்.

பூவிழி, க/பெ தர்மன் என்று எழுதிக் கொடுத்தேன்.